ஜனவரி 1995, மாலை ஐந்தரை மணி

தெருவொன்றைச் சின்னதாகச் செய்ய உட்காருகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு தேதி. பிளைவுட், ஃபெவிகால், கத்தி எல்லாம் பிறகு. எந்த வருஷம், எந்த மாதம், பகலா இரவா என்பது முடிவாகாமல் ஒரு சுவருக்குக்கூட வண்ணம் அடிக்க முடியாது. சுவரில் எந்தப் படத்தின் போஸ்டர், மொட்டைமாடியில் என்ன ஆன்டெனா, கடைப் பலகையில் என்ன எழுத்து, நிழல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றும் அந்தத் தேதியைத்தான் கேட்கும். என் தெருவுக்கு நான் குறித்துக்கொண்டது 1995 ஜனவரி 19, வியாழக்கிழமை. பொங்கல் கழிந்த வாரம். நேரம் மாலை ஐந்தரை மணி.

அன்றைக்கு எனக்கென்று எதுவும் நடக்கவில்லை. நடக்காததால்தான் அதை எடுத்தேன். திருவிழா, கடையடைப்பு, பெருமழை என்று ஏதாவது நடந்த நாளில் தெரு தன் இயல்பில் இருக்காது. மாலை ஐந்தரையை எடுத்ததற்குக் காரணம் வெளிச்சம். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி இறங்கிவிடும். அரை மணி நேரம் முன்னால் வெயில் அத்தனை சாய்வாக வருவதால், மேற்கு பார்த்த கட்டடத்தின் உச்சித் தளத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே தெரு முழுவதும் நிழலாகிவிட்டிருக்கும். என் மேன்ஷன் மேற்கு பார்த்தது.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் போய் வடக்கே திரும்பும் சந்து ஒன்றில் அது இருந்தது. மேன்ஷன் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவே வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி வராந்தா, வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொரு தளத்தின் கோடியிலும் பொதுக் குளியலறை. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. அறைக்கு மூன்று இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. கீழே தெருவைப் பார்த்து ஒரு மெஸ், ஒரு சலூன், ஒரு எஸ்.டி.டி. பூத். வேலை தேடி வந்தவர்கள், வேலை கிடைத்தும் வீடு எடுக்கச் சம்பளம் போதாதவர்கள், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களைப் பார்க்கப் போகும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமாவில் உதவி இயக்குநராகச் சேரக் காத்திருந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே குழாயில் பல் விளக்கினோம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். என் அறையில் இன்னும் இரண்டு பேர். தஞ்சாவூர்க்காரன் விற்பனைப் பிரதிநிதி, என் வயது. வந்தவாசிக்காரர் எங்களைவிட மூத்தவர், குரூப் தேர்வுகளுக்காகவே வாழ்ந்தவர், எங்களுக்கு அண்ணன்.

டிரேசிங் பேப்பரும் ராட்ரிங் பேனாவும் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு, என் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சுட்டியைத் தட்டினால் கோடு விழுகிறது. கோடு நன்றாகத்தான் விழுகிறது, ஆனால் விரலுக்குப் பசி அடங்கவில்லை. அந்த ஏக்கம் பல வருஷம் உள்ளேயே கிடந்தது. பிறகு ஒரு நாள், மேன்ஷனை இடிக்கிறார்கள் என்று வந்தவாசி அண்ணன் போன் செய்தார். போய்ப் பார்த்தபோது தகர வேலி போட்டிருந்தார்கள். முன் சுவரில் பாதி நின்றிருந்தது. காவலுக்கிருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "உள்ள வராதீங்க தம்பி, மேல விழுந்துரும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, தானே போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சுச் சில்லை எடுத்துவந்து கொடுத்தார்.

என் தெருவுக்கு அடிக்கல் அந்தச் சில்லுதான். அதன் விளிம்பை நைஸ் உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தேன். மேலே பளீரென்ற ஆரஞ்சு எமல்ஷன். அதன் கீழே சந்தன நிறம். அதற்கும் கீழே வெளிறிய பச்சை டிஸ்டம்பர், மெல்லிசாக, விரல்பட்டால் பொடியாக ஒட்டியது. அதற்கடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு, இரண்டு மூன்று அடுக்கு. நான் இருந்த காலம் எந்த அடுக்கு என்பதில் சந்தேகமே இல்லை. வராந்தாவில் சாய்ந்து நின்றுவிட்டு அலுவலகம் போனால், சட்டையின் தோள்பட்டையில் பச்சைப் பொடி இருக்கும். அதைத் தட்டித் தட்டியே மூன்று வருஷம் ஓடியது. அந்தப் பச்சை கிடைக்கும்வரை அக்ரிலிக் டப்பாக்களைக் கலந்து, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் சில்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் காட்டுகிற வண்ணத்தோடு பொறுமையாகத்தான் பேச வேண்டும்.

அளவு விஷயத்தில் எனக்குக் குழப்பமே வரவில்லை. எங்கள் தொழிலில் கைக்குப் பழகிய கணக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-ல் 1. ஏழடிக் கதவு ஒன்றே முக்கால் அங்குலம். பத்தடித் தளம் இரண்டரை அங்குலம். இருபதடித் தெரு ஐந்து அங்குலம். நாலடிப் பலகையில் 192 அடி நீளத் தெரு அடங்கிவிடும். ரயில் மாதிரி செய்பவர்கள் உலகம் முழுவதும் 87-ல் 1 அளவை விரும்புகிறார்கள். அதில் ஆள் முக்கால் அங்குலம்தான் இருப்பான். அவனுக்குக் கைலி கட்டிவிட முடியாது. கால் அங்குலக் கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு. கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் சன்போர்டை 48 ஆல் பெருக்கினால் 240 மில்லிமீட்டர்: பூச்சோடு சேர்த்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். 3 மில்லிமீட்டர் அட்டை, இரண்டு பக்கமும் பூசிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். வெட்டிய விளிம்பை ஜன்னலில் பார்க்கும்போதே சுவரின் கனம் சரியாக விழுந்துவிடும். சுவர் கனமாகத் தெரியாவிட்டால் எத்தனை அழகாக வண்ணம் அடித்தாலும் அது அட்டைப்பெட்டிதான்.

பழுப்பும் துருவும் கறையும் பூசுவதில்தான் பெரும்பாலான மாதிரிகள் கெடுகின்றன என்பது என் கருத்து. கை ருசி கண்டுவிட்டால் எல்லாவற்றையும் அழுக்காக்கத் தோன்றும். ஊர் அப்படி அழுக்காவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஒரு தொடக்கம் இருக்கிறது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்கும். ஆனால் கம்பி முழுவதும் பிடிக்காது, நீர் தேங்கும் கீழ்மூட்டில்தான் பிடிக்கும். அங்கிருந்து செம்பழுப்பு சுவரில் இரண்டு விரல் நீளத்துக்கு இறங்கும். சன்ஷேடின் மேற்பரப்பு கறுக்கும், அடிப்பக்கம் கறுக்காது. ஓரத்தில் மட்டும் நீர் சொட்டிய இடத்தில் பல் வரிசையாகக் கோடு இருக்கும். கைப்பிடிச்சுவருக்குக் கீழே கரும்பாசி படியும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில்தான் ஓய்ந்திருக்கிறது என்பதால் ஜனவரியில் அந்தப் பாசி இன்னும் கரும்பச்சையாக இருக்கும். மே மாதத்தை எடுத்திருந்தால் அதையே வெளுத்த சாம்பலாக அடித்திருக்க வேண்டும். இங்கும் தேதிதான் பேசுகிறது.

குளியலறைக் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் முழங்கையில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. திருவல்லிக்கேணியில் அரசங்கன்று இல்லாத கழிவுநீர்க் குழாயை நான் பார்த்ததில்லை. டிரேசிங் பேப்பருக்குப் பச்சை அடித்து, இரண்டு மில்லிமீட்டர் இலையாக நறுக்கி, நுனியைக் கூராக்கி, முடி கனத்துக்கு இருந்த கம்பியில் ஒட்டினேன். என் பழைய தொழிலின் தாள் கடைசியில் இலையானதில் எனக்கு நிறைவு.

கம்பிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தெருவின் மாதிரி என்றால் மின்கம்பத்தையும் தலைக்கு மேல் மின்கம்பிக் கூட்டத்தையும் போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நகரின் பழைய பகுதியில் மின்சாரம் பூமிக்கடியில் போகும். நடைபாதையில் கதவு பாதி திறந்தபடி சாம்பல் நிறப் பில்லர் பாக்ஸ் நிற்கும். எங்கள் சந்தில் தலைக்கு மேல் போனவை தொலைபேசிக் கம்பியும் கேபிள் டி.வி. ஒயரும். சன் டி.வி. தொடங்கியது 1993 ஏப்ரலில். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் பாய்ந்தது. ஆனால் தூர்தர்ஷனுக்காக நிறுத்திய அலுமினிய ஆன்டெனாக்களை யாரும் கழற்றவில்லை. இரண்டும் ஒரே மாடியில் சேர்ந்து இருந்த காலம் கொஞ்சம்தான். என் தேதி அதற்குள் விழுகிறது. ஒயரைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நிஜ ஒயர் தன் கனத்தால் தொய்யும். அந்த அளவுக்குச் சிறிதாக்கிய நூலுக்குக் கனமே இல்லை, விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய மின்விசிறி மோட்டாரைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பியை ஒரு குண்டாவின் வளைவில் வைத்து நீவி, தொய்வைக் கையாலேயே கொடுத்து, கறுப்பு அடித்துக் கட்டினேன்.

கடைப் பலகைகளை எழுதும்போது அந்த வருஷம் இன்னும் துலக்கமானது. தமிழில் எழுதியவர்கள் அப்போதும் 'சென்னை - 5' என்றுதான் எழுதினார்கள். அதே பலகையின் ஆங்கில வரியில் 'மெட்ராஸ்' இருந்தது. 1996-ல் பெயர் மாறியபின் அந்த ஆங்கில வரி மட்டும் மெல்ல மெல்ல அழிந்தது. எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. செல்போன் யார் கையிலும் இல்லை. நாட்டிலேயே முதல் செல்போன் பேச்சு அந்த வருஷம் ஜூலை மாதக் கடைசியில்தான் கல்கத்தாவில் நடந்தது. ராத்திரிக் கட்டணச் சலுகை தொடங்கும் நேரத்தை நான் எடுத்திருந்தால், ஊருக்குப் பேசக் காத்திருக்கும் வரிசையைப் பூத்திலிருந்து மெஸ் வாசல்வரை நிறுத்தியிருக்க வேண்டும். மாலை ஐந்தரைக்குப் பூத் காலி. உள்ளே ஒரு பெண் கண்ணாடிக்குப் பின்னால் வார இதழ் படிக்கிறாள்.

போஸ்டருக்காகக் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். பத்திரிகைகளைச் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கும் நாட்டின் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. 1995 ஜனவரி நாளிதழ்த் தொகுப்பில் தியேட்டர் விளம்பரங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பொங்கலுக்கு வந்தது 'பாட்ஷா'. எங்கள் சுவரில் அதுதான் புதிது, பசை இன்னும் ஈரமாக. அதற்கடியில் போன செப்டம்பரில் வந்த 'காதலன்' மழையில் ஊறிக் கிழிந்து தொங்கும். "பம்பாய் போஸ்டர் ஒண்ணு போடுங்கப்பா, எனக்குப் பிடிச்ச படம்" என்றாள் மகள். மார்ச்சில்தான் வந்தது, போட முடியாது என்றேன். ரொம்ப நேரம் வாதாடினாள். ஒட்டுவதிலும் கணக்கு இருக்கிறது. சாதாரண அச்சுத் தாளின் தடிமனை 48 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் வரும். சுவரில் பலகை அறைந்ததாகத் தெரியும். அச்சிட்ட தாளைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்த பிறகே ஒட்ட வேண்டும். பாதிக்கு மேல் கிழிந்து போகும். கிழிந்ததெல்லாம் 'காதலன்' ஆயிற்று.

இந்த வேலையை வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் நான் கொலுவை நினைவூட்டுவேன். ஊரில் எங்கள் தெருவில் நவராத்திரிக்கு ஒரு வீட்டில் படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவார்கள். மண்ணைப் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் விதைத்தால் மூன்றாம் நாள் புல்வெளி. கண்ணாடித் துண்டு குளம். அதைப் பார்க்கவே சுண்டல் வாங்குகிற சாக்கில் தினமும் போவேன். அந்தப் பார்க்கில் கிரிக்கெட் ஆட்டமும் கல்யாண ஊர்வலமும் காளிங்க நர்த்தனமும் ஒரே சமயத்தில் நடக்கும். கொலுவுக்குத் தேதி கிடையாது, அது தேவையும் இல்லை. தெய்வமும் மனிதரும் சேர்ந்து உட்காரும் ஒன்பது நாளில் காலக்கணக்கு யாருக்கு வேண்டும்? சின்ன உலகத்தின் முன் மண்டியிட்டு உட்காரும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. தேதியின் தேவை பிற்பாடு, இழந்த பிறகு வந்தது.

தேதியின் மதிப்பை எனக்குப் புரியவைத்தவர் அன்டோனின் லாங்வைல். பிராக் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் சின்ன உத்தியோகத்தில் இருந்தவர். 1826-ல் பாரிஸ் நகரத்தின் மாதிரி ஒன்று அங்கே காட்சிக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து, வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் பிராக் நகரத்தை அட்டையில் செய்ய ஆரம்பித்தார். 480-ல் 1 அளவு. 1837-ல் இறக்கும்வரை செய்துகொண்டே இருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். நகரம் முழுவதையும் முடிக்க ஆயுள் போதவில்லை. இன்று அது பிராக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டு முகப்பின் நிறம், சுவரோவியம், உடைந்த ஜன்னல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவர் செய்திருக்கிறார். அரண்மனையை அழகாக்கி ஏழை வீட்டைச் சுருக்கவில்லை. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்து யூதர் குடியிருப்பைப் பெரும்பாலும் இடித்துப் புதிய தெருக்கள் போட்டார்கள். அந்தப் பழைய சந்துகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்று அறிஞர்கள் வந்து நிற்பது ஒரு நூலக ஊழியரின் அட்டை வீடுகள் முன்னால். தான் வாழ்ந்த நாளை உள்ளது உள்ளபடி செய்ததால் அவருக்குக் கிடைத்த இடம் அது.

நியூயார்க்கில் இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. 1964 உலகக் கண்காட்சிக்காக ராபர்ட் மோசஸ் செய்வித்த நகர மாதிரி, குவீன்ஸ் அருங்காட்சியகத்தில். நூறடிக்கு ஓர் அங்குலம், ஐந்து பரோக்களும் அடங்கும், 8,95,000 கட்டடங்கள். 1992-ல் ஒருமுறை பெரிதாகப் புதுப்பித்தார்கள். 2001-க்குப் பிறகும் இரட்டைக் கோபுரங்களை அதிலிருந்து எடுக்கவில்லை. நகரத்தோடு ஓடிப் பிடிக்க நினைத்த மாதிரி அது. அதன் பிரம்மாண்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனம் லாங்வைல் பக்கம்தான்.

மனிதர்களைக் கடைசியாகத்தான் வைத்தேன். கட்டட மாதிரிகளுக்காகச் செய்து விற்கும் 50-ல் 1 அளவுப் பொம்மைகள் பொட்டலமாகக் கிடைக்கின்றன. எல்லாரும் கோட்டும் பேன்ட்டும், கையில் பெட்டி, இரண்டு காலையும் நேராக ஊன்றி நிற்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படி நின்றதில்லை. ஒரு கால் தரையிலும் மற்றது பின்னால் மடங்கிச் சுவரிலும் இருக்கும். கை இடுப்பில் அல்லது தலைக்குப் பின்னால் இருக்கும். முழங்காலில் கத்தியால் பாதி வெட்டி, மடக்கி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைக்க வேண்டும். கோட்டைச் சீவி எடுத்தால் பனியன் போட்ட உடம்பு. பிறகு கைலி. டிஷ்யூத் தாளின் இரண்டு படலங்களைப் பிரித்து, ஒற்றைப் படலத்தில் ராட்ரிங் பேனாவால் கட்டம் போட்டுக் காயவிடுவேன். தண்ணீராகக் கரைத்த ஃபெவிகாலை இடுப்பிலிருந்து கீழே தடவி, தாளைச் சுற்றி, ஊசி முனையால் முன்கொசுவத்தை அழுத்தி, ஈரம் காய்வதற்குள் கீழ் விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருக வேண்டும். அந்தச் செருகலில் கைலி முழங்காலுக்கு மேல் ஏறி, பின்பக்கம் கொஞ்சம் தழைந்து, ஒரு பக்கம் மட்டும் முடிச்சு புடைத்திருக்கும். அது சரியாக விழுந்த கணத்தில் அந்த வெளிநாட்டுப் பொம்மை டீ குடிக்க இறங்கி வந்த மேன்ஷன்காரன் ஆகிவிடும். அடிபம்புக்கு முன்னால் குட வரிசை வைத்தேன். கால் அங்குலக் குடத்துக்குப் பாசிமணி உடம்பு. ரிச்சி தெருவில் வாங்கிய தொலைபேசி ஒயரின் வண்ண உறையை நறுக்கி வைத்தால் கழுத்து. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்.

எல்லாம் ஒருவாறு முடிந்த ஒரு ஜனவரியில் பலகையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்தேன். மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கரிடம் கற்ற முறை இது. எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரை 24-ல் 1 அளவில் செய்து, ஒரு சின்ன மேசையில் வைத்து, அதற்குப் பின்னால் நிஜ மரங்களும் நிஜ வானமும் வரும்படி நின்று படம் எடுத்தவர். வீட்டுக்குள் எந்த விளக்கைப் போட்டாலும் நிழலின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். வெயிலுக்கு ஈடு வெயில்தான். திசைகாட்டி வைத்துப் பலகையைத் திருப்பி, ஐந்தரை மணிக்குக் காத்திருந்தேன். எதிர்வரிசையின் நிழல் மேன்ஷன் சுவரில் தளம் தளமாக ஏறி, மூன்றாம் மாடியில் மட்டும் மஞ்சள் தங்கியது.

அந்தப் படத்தை அனுப்பியதும்தான் தஞ்சாவூர்க்காரன் கிளம்பி வந்தான். இப்போது கும்பகோணத்தில் இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். அதற்கு முன் போனில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், "கைப்பிடிச் சுவர் கம்பிக்கு என்ன கலர்டா?" என்றால், "அதெல்லாம் எவனுக்கு மாப்ள ஞாபகம் இருக்கு" என்று வைத்துவிடுவான். வந்தவன் செருப்பைக் கழற்றிய கையோடு பலகை முன் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. மெஸ் வாசலையும் குட வரிசையையும் பார்த்தான். பிறகு கண் நேராக மூன்றாம் மாடிக்கு ஏறியது.

"நம்ம ரூம் ஜன்னல் ஏன்டா சாத்தியிருக்கு?"

"வியாழக்கிழமைடா. அஞ்சரை மணிக்கு ரூம்ல யாரு இருப்பா? நான் ஆபீஸ்ல. அண்ணன் லைப்ரரியில. நீ கம்பெனியில."

"நான் ரூம்லதான் இருந்தேன் மாப்ள."

அந்த டிசம்பரிலேயே அவனுக்கு வேலை போய்விட்டிருந்தது. எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. காலையில் எங்களோடு குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பையை எடுத்துக்கொண்டு புறப்படுவான். நேராகக் கடற்கரை. நாங்கள் போயிருப்போம் என்று தெரிந்தபின் பதினோரு மணிக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்வான். மத்தியானத்தில் பெரும்பாலும் சாப்பாடு இல்லை. ஐந்து மணியிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்து தெரு முனையையே பார்த்துக்கொண்டிருப்பான். முனையில் என் தலை தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டால் இறங்கி, தெருவைச் சுற்றி, எனக்கு அரை மணி நேரம் பின்னால் களைத்த முகத்தோடு வருவான். பிப்ரவரிக் கடைசியில் வேறு கம்பெனி கிடைத்தது. அதோடு அதை மறந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா என் பங்கு வாடகைய நீ குடுத்திருப்ப. ஒனக்கே தங்கச்சி கல்யாணக் கடன் இருந்துச்சு."

எனக்கு எதுவும் நடக்காத நாள் என்று நான் பொறுக்கி எடுத்த நாளில், நான் வெளிச்சத்துக்காகத் தேர்ந்த அதே நேரத்தில், அவன் அந்த ஜன்னலில் இருந்திருக்கிறான். அலுவலகம் விட்டு நான் சந்துக்குள் நுழைய ஆறரை ஆகும். ஐந்தரை மணித் தெருவை நான் வார நாளில் பார்த்ததே இல்லை. இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் பார்த்தவன் எதிரே உட்கார்ந்திருந்தான். போனில் எதுவுமே ஞாபகம் இல்லை என்றவனுக்கு இப்போது எல்லாம் வந்தது. இஸ்திரி வண்டி மேன்ஷன் பக்கம் நிற்காது, எதிர்ப்பக்கம் நிற்கும். கரி மூட்டுகிற புகை மெஸ்ஸுக்குள் போகிறது என்று சண்டை வந்து இடம் மாறியது. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட சைக்கிள் ரிக்‌ஷா பூத்துக்கு முன்னால் நிற்கும், அதன் இருக்கையில் ரிக்‌ஷாக்காரர் காலை நீட்டிப் படுத்திருப்பார். மெஸ் பையன் அந்த நேரத்துக்குத்தான் அரிசி களைந்த தண்ணீரைப் பசுவுக்கு வைப்பான், பசு தானாக வந்து நிற்கும். ஜன்னலுக்கு நேர்கீழே இரண்டாம் மாடியில் ஒருவர் தினமும் அந்த நேரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், ராத்திரி ஷிஃப்ட். அவன் சொல்லச் சொல்ல நான் டிரேசிங் பேப்பரைத் தெருவின் மேல் விரித்துக் குறித்துக்கொண்டே போனேன். இடுக்கியை வாங்கி ரிக்‌ஷாவை அவனே நகர்த்தினான். சாப்பிடக் கூப்பிட்ட என் மனைவியிடம், "அஞ்சு நிமிஷம் தங்கச்சி" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

பங்குனியில் பேரனோடு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் மூன்றாம் மாடி முன்சுவரை வெட்டி எடுத்து, ஜன்னல் கதவுகளை வெளிப்பக்கம் திறந்து ஒட்ட வேண்டும். அறைக்குள் இதுவரை எதுவும் செய்யவில்லை. கட்டில் மூன்றும், மேசையும், ஆணியில் தொங்கும் பையும் வேண்டும். கட்டிலை ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போட்டிருந்தோம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வந்தவாசி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.